மூட்டு ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘டாப்ளர் 0’: அப்படியென்றால் அழற்சி இல்லையா?

காலையில் எழுந்ததும் விரல்கள் இறுகிக் கிடக்கின்றன. ரத்தப் பரிசோதனையில் பெரிதாக எதுவும் இல்லை, எக்ஸ்ரேயும் சுத்தமாக இருக்கிறது. டாக்டர் மூட்டு அல்ட்ராசவுண்ட் எழுதித் தருகிறார். ‘சைனோவியல் தடிப்பு கிரேடு 1, பவர் டாப்ளர் 0’ என்று ரிப்போர்ட் வருகிறது. மூட்டின் உட்சவ்வு லேசாகத் தடித்திருக்கிறது, அதில் ரத்தவோட்டம் தெரியவில்லை என்பது இதன் பொருள். இதைப் படித்துவிட்டு முடக்குவாதம் வந்தேவிட்டது என்று கலங்குபவர் உண்டு. டாப்ளர் பூஜ்யம்தானே என்று மாத்திரையை நிறுத்துபவரும் உண்டு. இரண்டும் அவசர முடிவுகள். அந்த எண்ணில் மூட்டின் நிலையோடு, படம் எடுத்த விதமும் கலந்திருக்கிறது. இரண்டையும் பிரித்துப் படிக்கத் தெரிந்தால்தான் ரிப்போர்ட் பயன்படும்.

## ஒலி படமாவது எப்படி

ப்ரோப் என்ற கைக்கருவி, காதுக்கு எட்டாத ஒலியை உடலுக்குள் அனுப்பித் திரும்பி வரும் எதிரொலியை வாங்குகிறது. மென்திசுவில் ஒலி நொடிக்குச் சுமார் 1540 மீட்டர் போகும். எதிரொலி திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து ஆழமும், அதன் வலுவை வைத்து வெளிச்சமும் கணக்காகின்றன. கதிர்வீச்சு கிடையாது. அதனால் ஒரே மூட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம், அசைத்துப் பார்க்கலாம், மறுபக்க மூட்டோடு ஒப்பிட்டும் பார்க்கலாம்.

அதிர்வெண் கூடக்கூட நுணுக்கம் கூடும், ஆழம் குறையும். 3 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 0.5 மி.மீ., 15 மெகாஹெர்ட்ஸில் சுமார் 0.1 மி.மீ. வயிற்று ஸ்கேனுக்கு 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரை போதும். விரல் மூட்டின் உட்சவ்வு ஒன்றிரண்டு மி.மீ. தடித்திருப்பதைப் பார்க்க அது உதவாது. அதற்கு 15 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும் போகும் நேர்கோட்டு ப்ரோப் வேண்டும். விரல்களுக்கென்றே ‘ஹாக்கி ஸ்டிக்’ என்று அழைக்கப்படும் சிறிய ப்ரோப் இருக்கிறது. இடுப்பு மூட்டு ஆழத்தில் இருப்பதால் அங்கே அதிர்வெண்ணைக் குறைத்தே ஆகவேண்டும், அதோடு நுணுக்கமும் போய்விடும். உடல் பருமனானவருக்கு இந்தச் சிக்கல் இரட்டிப்பாகும்.

திரையில் எலும்பின் மேற்பரப்பு பளிச்சென்ற வெள்ளைக் கோடாகத் தெரியும், அதற்குக் கீழே நிழல்தான். தசைநாண் இழை இழையாக வெளிச்சமாக இருக்கும். நீர் கறுப்பு. குருத்தெலும்பும் ஏறக்குறைய கறுப்பாகவே தெரியும் என்பதால், புதிதாகப் பழகுபவர்கள் அதை நீர் என்று எழுதிவிடுவது உண்டு.

## மூட்டுக்குள் தேடப்படுபவை

ஓமெராக்ட் என்ற சர்வதேசக் குழு 2005-இல் இவற்றுக்கு வரையறை வகுத்தது. பல ரிப்போர்ட்டுகளின் சொற்கள் அங்கிருந்து வந்தவை.

1. நீர்க்கோவை. மூட்டுக்குள் கறுப்பான பொருள். ப்ரோப்பால் அழுத்தினால் நசுங்கும், இடம் மாறும். டாப்ளரில் நிறம் காட்டாது.
2. சைனோவியல் தடிப்பு. சைனோவியம் என்பது மூட்டின் உட்சவ்வு. அது தடித்தாலும் கறுப்பாகவோ சாம்பலாகவோதான் தெரியும். ஆனால் அழுத்தினால் விலகாது, அவ்வளவாக நசுங்காது. உள்ளே ரத்தவோட்டம் இருந்தால் டாப்ளரில் நிறம் வரலாம்.
3. எலும்பு அரிப்பு. எலும்பின் வெள்ளைக் கோட்டில் ஒரு உடைப்பு. ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு கோணங்களிலும் அது தெரிந்தால்தான் அரிப்பு. ஒரே கோணத்தில் தெரிந்தது கணக்கில்லை.
4. தசைநாண் உறை அழற்சி. தசைநாணைச் சுற்றியுள்ள உறையில் நீரோ தடிப்போ இருப்பது, இதிலும் இரண்டு கோணங்கள் தேவை.

முதல் இரண்டையும் பிரிப்பதற்கு முக்கிய வழி ப்ரோப்பால் அழுத்திப் பார்ப்பதுதான். அச்சடித்த ஒற்றைப் படத்தில் அது தெரியாது. ‘வேறொரு டாக்டரிடம் படத்தை மட்டும் காட்டிக் கருத்துக் கேட்கலாமா’ என்ற கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது: எக்ஸ்ரே ஃபிலிமை அப்படிக் கொண்டுபோகலாம், அல்ட்ராசவுண்ட் படத்துக்கு அவ்வளவு பயன் கிடையாது. அசையும் வீடியோ பதிவு இருந்தால் ஓரளவு பரவாயில்லை.

## பவர் டாப்ளர்: சின்ன விஷயங்கள் முடிவை மாற்றும் இடம்

டாப்ளர் இல்லாத சாதாரண சாம்பல் நிறப் படம், தடிப்பு இருக்கிறதா என்று சொல்லும். அது இப்போது எரிந்துகொண்டிருக்கும் அழற்சியா, பழைய சண்டையின் தழும்பா என்று சொல்லாது. பல ஆண்டு முடக்குவாதத்துக்குப் பின் மருந்தால் அடங்கிய மூட்டிலும் தடித்த சவ்வு அப்படியே இருக்கலாம். எரிகிற சவ்வில் புதிய நுண்குழாய்கள் முளைத்து ரத்தம் ஓடும். அந்த மெதுவான ஓட்டத்தைப் பிடிக்கத்தான் பவர் டாப்ளர். ரத்தம் எந்தத் திசையில் ஓடுகிறது என்பது இதற்குத் தேவையில்லை, ஓடுகிறதா என்பதே கேள்வி. சில புதிய இயந்திரங்களில் கலர் டாப்ளரே இதைவிட நன்றாகப் பிடிக்கிறது என்பதால், எது சிறந்தது என்பதை அந்தந்த இயந்திரத்தில்தான் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும்.

தர அளவு 0 முதல் 3 வரை. யூலார் (ஐரோப்பிய வாதநோய் அமைப்பு), ஓமெராக்ட் அமைப்புகள் சேர்ந்து 2017-இல் வெளியிட்ட முறை சுருக்கமாக இப்படி:

- சாம்பல் படத்தில், இரு எலும்பு முனைகளையும் இணைக்கும் கற்பனைக் கோடு வரை மட்டும் தடிப்பு இருந்தால் 1. கோட்டைத் தாண்டி, ஆனால் மேற்பரப்பு குழிந்தோ தட்டையாகவோ இருந்தால் 2. மேலே புடைத்திருந்தால் 3.
- டாப்ளரில் சில தனிப் புள்ளிகள், அதிகம் போனால் 3, அல்லது ஒன்றோடொன்று இணைந்த புள்ளிகள் ஓரிரண்டு வரை 1. அதைத் தாண்டி, தடித்த பகுதியில் பாதிக்குக் குறைவாக நிறம் இருந்தால் 2. பாதிக்கு மேல் நிறைந்தால் 3.
- தடிப்பே இல்லாத மூட்டில் நிறப் புள்ளி தெரிந்தால் அது சைனோவியல் அழற்சி ஆகாது. மணிக்கட்டு போன்ற இடங்களில் எலும்புக்கு ரத்தம் கொண்டுபோகும் இயல்பான குழாய்கள் அப்படித் தெரியும்.

டாப்ளர் 0 என்று வந்தால், உண்மையில் ரத்தவோட்டம் இல்லாமல் இருக்கலாம். கீழே உள்ளவற்றில் ஒன்று நடந்தும் இருக்கலாம்.

1. ப்ரோப்பின் அழுத்தம். மிகவும் அதிகமாக நடக்கும் தவறு இது. நுண்குழாய்களில் ரத்த அழுத்தம் குறைவு. ப்ரோப்பின் கனம் மட்டுமே அவற்றை நசுக்கப் போதும். ஜெல்லைத் தாராளமாகக் குவித்து, தோலுக்கும் ப்ரோப்புக்கும் நடுவே ஜெல் படலம் திரையில் கண்ணால் தெரியும்படி வைத்திருக்க வேண்டும்.
2. மூட்டின் நிலை. விரலை மடக்கினால் மூட்டுறை இறுகி ஓட்டம் நின்றுவிடும். கை தட்டையாக, தளர்வாக இருக்க வேண்டும். நோயாளி பதற்றத்தில் விரலை விறைத்து வைத்துக்கொண்டாலும் இதே கதைதான்.
3. இயந்திர அமைப்பு. மெதுவான ஓட்டத்துக்குத் துடிப்பு மீள்வெண் (நொடிக்கு எத்தனை ஒலித்துடிப்பு அனுப்பப்படுகிறது என்பது) 0.5 முதல் 1 கிலோஹெர்ட்ஸ் வரை, வால் ஃபில்டர் (மெதுவான அசைவுகளை வடிகட்டும் அமைப்பு) குறைந்த அளவில். வயிற்று ஸ்கேனில் பெரிய குழாய்களுக்காக அமைத்ததை மாற்றாமல் விரலில் வைத்தால் திரை காலியாகவே இருக்கும்.
4. கெயின் (வரும் சமிக்ஞையைப் பெருக்கும் அளவு). திரையில் இரைச்சல் புள்ளிகள் கொட்டும் வரை ஏற்றி, அவை மறையும் புள்ளி வரை மட்டும் இறக்க வேண்டும். அதற்குக் கீழே இறக்கினால் உண்மையான ஓட்டமும் சேர்ந்து மறையும். மேலே விட்டால் ஒன்றுமில்லாத மூட்டும் கிரேடு 2 ஆகிவிடும்.
5. குளிர்ந்த கை, வலிமாத்திரை. குளிர்ந்த அறையில் காத்திருந்த கையில் ஓட்டம் குறைந்து காணப்படலாம். ஸ்டீராய்டு அல்லாத வலிநிவாரணிகளும் டாப்ளர் கிரேடைக் குறைத்துக் காட்டக்கூடும். அதனால் ஸ்கேனுக்கு முன் என்ன மாத்திரை சாப்பிட்டோம் என்பதைச் சொல்ல வேண்டும். சொல்வதுதான் வேண்டியது, டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்துவது வேண்டாம்.

ஆழமான மூட்டுகளில் டாப்ளரே பலவீனம். இடுப்பில் டாப்ளர் 0 என்பதற்கு விரலில் இருக்கும் மதிப்பு கிடையாது.

## ஆள்காட்டி விரலின் அடிமூட்டு: ஒழுங்காகச் செய்தால் இப்படி இருக்கும்

முடக்குவாதத்தில் அடிக்கடி முதலில் மாட்டும் மூட்டுகளில் ஒன்று ஆள்காட்டி விரலின் அடிமூட்டு. உள்ளங்கை கீழே இருக்கும்படி கையை மேசையில் தளரவிட்டு, ப்ரோப்பை மூட்டின் மேல் நீளவாக்கில் நடுவில் வைக்கிறார்கள். இடதுபக்கம் உள்ளங்கை எலும்பின் உருண்டைத் தலை, வலதுபக்கம் விரல் எலும்பின் அடி, இரண்டுக்கும் மேலே விரலை நிமிர்த்தும் தசைநாண். தலையின் மேல் மெல்லிய கறுப்புப் பட்டையாகக் குருத்தெலும்பு. இந்த நான்கும் ஒரே சட்டத்தில் தெளிவாக வந்த பிறகுதான் கிரேடு போடும் பேச்சு.

அங்கிருந்து ப்ரோப்பைக் கட்டைவிரல் பக்கமாகவும் சுண்டுவிரல் பக்கமாகவும் மெல்ல நகர்த்த வேண்டும். அரிப்பு பெரும்பாலும் நடுவில் இருப்பதில்லை. ஆள்காட்டி விரலுக்கான உள்ளங்கை எலும்புத் தலையின் கட்டைவிரல் பக்க ஓரம்தான் அதற்குப் பிடித்த இடம். பிறகு 90 பாகை திருப்பிக் குறுக்குவாக்கில் அதே இடம். சந்தேகமான பள்ளம் இரண்டிலும் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளங்கை எலும்பின் கழுத்துக்கு மேற்பக்கம் இயற்கையாகவே ஒரு வழவழப்பான சரிவு உண்டு. அதைப் பார்த்து அரிப்பு என்று எழுதிய ரிப்போர்ட்டுகள் கொஞ்சநஞ்சமல்ல. இயற்கைச் சரிவில் கோடு தொடர்ந்து ஓடும், அரிப்பில் அது அறுபடும்.

தசைநாண் விஷயத்தில் இன்னொரு பொறி. ஒலிக்கதிர் தசைநாண் மேல் செங்குத்தாக விழாமல் சில பாகை சாய்ந்தாலே அது கறுத்துப்போகும். கிழிசல் என்றோ அழற்சி என்றோ தோன்றும். ப்ரோப்பின் ஒரு முனையை லேசாக அழுத்திக் கோணத்தைச் சரிசெய்தால் வெளிச்சம் திரும்பிவிடும். திரும்பாத கறுப்புதான் கவலைக்குரியது.

கடைசியாக டாப்ளர் பெட்டி. அது மூட்டை மட்டும் சுற்றாமல் தோலின் மேற்பரப்பு வரை நீண்டிருந்தால் நல்லது. மேலே இருக்கும் ஒரு குழாயின் போலிப் பிம்பம் மூட்டுக்குள் விழுந்தால், அந்த மூலக் குழாயும் சட்டத்தில் இருப்பதால் ஏமாற மாட்டோம்.

## ‘கிரேடு 1’ என்று இருந்தால்

கால் கட்டைவிரலின் அடிமூட்டில் சிறிதளவு நீர் ஆரோக்கியமானவர்களிடமும் காணப்படும். பாத மூட்டுகளிலும் கை மூட்டுகளிலும் சாம்பல் படத்தின் கிரேடு 1 நோயில்லாதவர்களிடமும் கிடைக்கும். வயதும் உழைப்பும் கூடக்கூட இது அதிகமாகும். தேய்மானத்தாலும் தடிப்பு வரும். எனவே டாப்ளர் இல்லாமல் தனியாக நிற்கும் கிரேடு 1-ஐ வைத்து நோய் முத்திரை குத்தக் கூடாது. அதே கிரேடு 1-உடன் டாப்ளர் நிறமும், காலை இறுக்கமும், ரத்தத்தில் முடக்குவாதத்துக்கு அடையாளமான சி.சி.பி. எதிர்ப்புரதமும் சேர்ந்தால் கதை வேறு. 2010-இல் அமெரிக்க, ஐரோப்பிய அமைப்புகள் வெளியிட்ட முடக்குவாத வகைப்பாட்டில்கூட, பாதிக்கப்பட்ட மூட்டுகளை உறுதிசெய்ய ஸ்கேனைப் பயன்படுத்தலாம் என்று இருக்கிறதே தவிர, ஸ்கேன் மட்டும் போதும் என்று இல்லை.

## நோய்க்கு நோய் பயன் மாறும்

கவுட். அல்ட்ராசவுண்ட் தன் திறமையை முழுதாகக் காட்டுவது இங்கேதான். யூரிக் அமிலப் படிகங்கள் குருத்தெலும்பின் மேற்பரப்பில் படிகின்றன. திரையில் எலும்புக் கோட்டுக்கு இணையாக, குருத்தெலும்புக்கு மேலே இன்னொரு வெள்ளைக் கோடு தெரியும். இதற்கு இரட்டைக்கோடு அறிகுறி என்று பெயர். 2015-இன் கவுட் வகைப்பாட்டில் இது இருந்தால் 4 மதிப்பெண். ஆரோக்கியமான குருத்தெலும்பின் மேலும் ஒலி செங்குத்தாக விழும்போது மெல்லிய கோடு தோன்றும், ஆனால் ப்ரோப்பைச் சாய்த்தால் மறைந்துவிடும். படிகக் கோடு சாய்த்தாலும் போகாது. படிகம் குருத்தெலும்பின் உள்ளே, நடுவில் புள்ளி புள்ளியாக இருந்தால் அது யூரிக் அமிலம் இல்லை, கால்சியம் பைரோபாஸ்பேட். சிகிச்சையே வேறு என்பதால் இந்த ஒரு மி.மீ. வித்தியாசம் முக்கியம். முழங்காலில் பார்ப்பதானால் காலை முழுவதும் மடக்கச் சொல்வார்கள், அப்போதுதான் தொடையெலும்பின் குருத்தெலும்பு வெளியே வரும். ஒரு எச்சரிக்கை: ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடியிருந்தும் வலியே வராத சிலரிடமும் இரட்டைக்கோடு தெரிகிறது. கோடு தெரிந்தால் படிகம் இருக்கிறது என்று பொருள், இன்றைய வலிக்கு அதுதான் காரணம் என்பது தனியாக நிரூபிக்க வேண்டியது. கிருமித்தொற்று சந்தேகம் இருந்தால் ஊசியால் நீர் எடுத்தே ஆகவேண்டும், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும்.

ராட்சதச் செல் தமனியழற்சி. மூட்டுநோய் இல்லை என்றாலும் வாதநோய் மருத்துவர்களின் கைக்கு வருவது. 50 வயதைக் கடந்தவருக்குப் புதிதாகத் தலைவலி, மெல்லும்போது தாடை வலி. சிகிச்சை தாமதித்தால் பார்வை போகலாம். நெற்றிப்பொட்டுத் தமனியின் சுவர் வீங்கி, ரத்தவோட்டத்தைச் சுற்றிக் கறுப்பு வளையமாகத் தெரியும். இந்த ‘ஹாலோ’ 1997-இல் விவரிக்கப்பட்டது. ப்ரோப்பால் தமனியை முழுக்க அழுத்தினாலும் தடித்த சுவர் மறையாமல் நிற்கும். நெற்றிப்பொட்டுத் தமனியின் கிளை பிரியாத பொதுத் தண்டுக்குச் சுவர்த் தடிமன் 0.42 மி.மீ., அக்குள் தமனிக்கு 1 மி.மீ. என்பவை பரவலாக எடுத்துக்கொள்ளப்படும் எல்லைகள். இந்த நோய்க்கு முதல் படமாக அல்ட்ராசவுண்டையே யூலார் பரிந்துரைக்கிறது. ஸ்டீராய்டு தொடங்கிய சில நாட்களிலேயே நெற்றிப்பொட்டு ஹாலோ மங்கத் தொடங்கும், எனவே ஸ்கேன் முடிந்தவரை சீக்கிரம் நடக்க வேண்டும். ஸ்கேனுக்கு நாள் கிடைக்கவில்லை என்று ஸ்டீராய்டைத் தள்ளிப்போடக் கூடாது. அக்குள் தமனியின் மாற்றம் மாதக்கணக்கில் நீடிக்கும் என்பதால் அதையும் சேர்த்துப் பார்ப்பது தாமதமாக வந்தவர்களுக்குக் கைகொடுக்கும்.

முதுகெலும்பு மூட்டழற்சி வகைகள், சோரியாசிஸ் மூட்டழற்சி. தசைநாண் எலும்பில் இணையும் இடத்தில் அழற்சி வரும். தடிப்பு, இழையமைப்பு கலைவது, எலும்பிலிருந்து 2 மி.மீ.க்குள் டாப்ளர் நிறம் ஆகியவை அடையாளங்கள். குதிகால் நாணில் உடல் எடையும் ஓட்டப்பயிற்சியும் இதே மாதிரி மாற்றம் தரும் என்பதால் ஒற்றைக் குதிகாலை நம்பி முடிவெடுப்பது சரியில்லை.

பாலிமயால்ஜியா (தோள், இடுப்புப் பகுதிகளில் வலியும் இறுக்கமும் தரும் அழற்சி நோய்). தோளில் டெல்ட்டாய்டு தசைக்கு அடியிலுள்ள பர்சா என்ற நீர்ப்பை, பைசெப்ஸ் தசைநாண் உறை, இடுப்பு மூட்டு ஆகியவற்றில் நீர் தேடுவார்கள். 2012-இன் வகைப்பாட்டில் இவற்றுக்கும் இடம் உண்டு. வாயையும் கண்ணையும் உலரவைக்கும் ஷோகிரன் நோயில் உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்குள் கறுப்புத் திட்டுகள் தேடப்படுகின்றன.

## அதிகம் தெரிந்தால் சிகிச்சையும் மேம்படுமா

இதில்தான் பலரும் எதிர்பார்த்தது நடக்கவில்லை. ஆரம்பநிலை முடக்குவாதத்தில், கையால் தொட்டு வீக்கம் பார்க்கும் முறையோடு அல்ட்ராசவுண்டையும் சேர்த்து மருந்தைக் கூட்டினால் பலன் அதிகமாகும் என்பது நியாயமான ஊகம். நார்வேயில் நடந்த ஆர்க்டிக் ஆய்வு 2016-இல் வெளியானது. 230 நோயாளிகளை 24 மாதங்கள் கவனித்ததில், நோய் தொடர்ந்து அடங்கி, எக்ஸ்ரேயில் சேதமும் கூடாமல் இருந்தவர்கள் அல்ட்ராசவுண்ட் பிரிவில் 22 சதவீதம், வழக்கமான பிரிவில் 19 சதவீதம். புள்ளியியல்படி வித்தியாசம் இல்லை. அல்ட்ராசவுண்ட் பிரிவில் மருந்து மட்டும் கூடியது. ஸ்காட்லாந்தின் டேசர் ஆய்வும் இதையே சொன்னது.

இதனால் அல்ட்ராசவுண்ட் வீண் என்று ஆகிவிடாது. இரு பிரிவிலும் மருத்துவர்கள் அடிக்கடி பார்த்து, இறுக்கமான இலக்கோடு மருந்தை மாற்றினார்கள். அப்படிப்பட்ட கவனிப்பின் மேல் ஸ்கேன் கூடுதலாக எதையும் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு சிறு டாப்ளர் புள்ளியையும் துரத்தி மருந்தைக் கூட்டுவதற்கு ஆதாரம் இல்லை என்பதே நடைமுறைப் பாடம். மறுபுறம், நோய் அடங்கியதாகத் தோன்றுபவர்களில் டாப்ளர் மிஞ்சியிருப்பவர்களுக்கு அது மீண்டும் கிளம்பும் வாய்ப்பு கூடுதல் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. மருந்தைக் குறைக்க நினைக்கும்போது ஒருமுறை பார்த்துவிடுவது அதனால் பயனுள்ளது. கொழுப்பான விரல்களில் வீக்கம் கைக்குப் பிடிபடாதபோதும், வலி அழற்சியாலா, அழற்சி இல்லாமலே உடல் முழுக்க வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியாவாலா என்று குழப்பம் இருக்கும்போதும் ஸ்கேனுக்கு வேலை இருக்கிறது. ஊசியைச் சரியான இடத்தில் செலுத்துவது அதன் இன்னொரு நல்ல உபயோகம்.

## காட்ட முடியாதவை

ஒலி எலும்பைத் துளைக்காது. எலும்பு மஜ்ஜையின் வீக்கம் இதில் தெரியாது, அதற்கு எம்.ஆர்.ஐ. தேவை. இடுப்பின் சாக்ரோ இலியாக் மூட்டின் உட்பகுதியும் அப்படியே, அதனால் முதுகு அழற்சி சந்தேகத்தில் அல்ட்ராசவுண்ட் இயல்பாக இருப்பதற்கு எந்த மதிப்பும் இல்லை. மூட்டுப் பரப்புகள் ஒன்றின் மேல் ஒன்று படிந்திருக்கும் இடத்தில் இருக்கும் அரிப்பும் தப்பிவிடும்.

## ரிப்போர்ட்டில் இருக்க வேண்டியவை

1. பார்த்த மூட்டுகளின் பட்டியல், எந்தப் பக்கம் என்பது உட்பட. ‘இரு கைகளும் இயல்பு’ என்ற ஒற்றை வரி போதாது.
2. சாம்பல் படக் கிரேடும் டாப்ளர் கிரேடும் மூட்டுவாரியாகத் தனித்தனியே.
3. ப்ரோப்பின் அதிர்வெண், டாப்ளர் அமைப்பு.
4. அரிப்பு என்றால் இரண்டு கோணங்களில் உறுதியானதா என்பது.
5. ஸ்டீராய்டு, வலிமாத்திரை எடுத்துக்கொண்டிருந்தாரா என்பது.

மூன்றாவது வரி பெரும்பாலான ரிப்போர்ட்டுகளில் இருப்பதில்லை. அது இல்லாதபோது ‘டாப்ளர் 0’ என்பதை ‘காணப்படவில்லை’ என்று மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. சில மாதங்கள் கழித்து மறுஸ்கேன் எடுப்பதானால் முடிந்தவரை அதே இயந்திரத்தில், அதே அமைப்பில், முந்தைய படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுக்கச் சொல்ல வேண்டும். இயந்திரம் மாறினால் கிரேடு 1-உம் கிரேடு 2-உம் இடம் மாறுவதற்கு நோய் மாறியிருக்கத் தேவையே இல்லை.